மற்றவர்களைத் தீர்க்காதிருங்கள்: இயேசு எதைத் தடுத்தார், எதைத் தடுக்கவில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சபைப் பக்கமே போகாத தமிழர்களுக்கும் தெரிந்த ஒரு பைபிள் வசனம் உண்டென்றால் அது இதுதான்: "நீங்கள் குற்றவாளிகளென்று தீர்க்கப்படாதபடிக்கு மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்." மத்தேயு 7-ஆம் அதிகாரம், முதல் வசனம். இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் ஒரே வீட்டில் மாமியார் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார், மருமகள் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவாள். இரண்டு பக்கமும் பேச்சு தடித்துவிட்டால் யாராவது ஒருவர் இந்த வசனத்தை எடுத்து வைப்பார். சபைக் கணக்கில் பணம் குறைந்தாலும் இதே வசனம் வரும். கணவன் அடித்தான் என்று ஒரு பெண் அழுதுகொண்டு வந்து நின்றால், அவளிடமும் இதையே சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

யார் எது செய்தாலும் வாயைத் திறக்கக்கூடாது என்பது இதன் பொருள் என்று சிலர் நினைக்கிறார்கள். வேறு சிலருக்கு இது ஒரு நல்ல வாசகம், அவ்வளவுதான். ஆராதனை முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வருவதற்குள் நான்கு பேருடைய குடும்பத்தை அலசி முடித்திருப்பார்கள். இரு சாராருமே வசனத்தை முழுக்க வாசிக்கவில்லை என்பது என் எண்ணம். பொறுமையாக வாசித்தால், இயேசு தடுத்தது எது, தடுக்காமல் விட்டது எது என்பது குழப்பமில்லாமல் தெரியும். பைபிளைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கும், கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் புரியும்படி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

வசனம் நிற்கும் இடம்

மத்தேயு 5, 6, 7 மூன்று அதிகாரங்களையும் சேர்த்து மலைப்பிரசங்கம் என்பார்கள்; இயேசு மலைமேல் உட்கார்ந்து சீஷர்களுக்குக் கொடுத்த நீண்ட போதனை அது. நம் வசனம் அதன் கடைசிப் பகுதியில் வருகிறது. அடுத்த வசனம், நீங்கள் அளக்கிற அளவின்படியே உங்களுக்கும் அளக்கப்படும் என்கிறது. அதற்கு அடுத்து வருவது எல்லோருக்கும் தெரிந்த படம்: தன் கண்ணில் உத்திரம் கிடக்க, சகோதரன் கண்ணில் இருக்கும் துரும்பைப் பார்க்கிறவன்.

இந்தப் படத்தின் கடைசி வரியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். "முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய்" என்று முடிக்கிறார் இயேசு. துரும்பு அங்கேயே இருக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை. அதை எடுக்கத்தான் வேண்டும். எடுக்கிறவனுக்கு முதலில் கண் தெரியவேண்டும்.

அப்புறம், அதே அதிகாரத்தில் இரண்டு எச்சரிக்கைகள் வருகின்றன. முத்துக்களைப் பன்றிகள்முன் போடாதேயுங்கள் என்பது 6-ஆம் வசனம். ஆட்டுத்தோல் போர்த்து வரும் கள்ளத் தீர்க்கதரிசிகளை அவர்களுடைய கனிகளினாலே அறிவீர்கள் என்பது 15, 16. யார் உண்மையானவர், யார் போலி என்று பார்க்கவே கூடாதென்றால் இந்த இரண்டு வசனங்களுக்கும் வேலையே இல்லை. யோவான் 7:24-இல் இயேசு இன்னும் நேராகவே சொல்கிறார்: "தோற்றத்தின்படி தீர்ப்புச்செய்யாமல், நீதியின்படி தீர்ப்புச்செய்யுங்கள்."

ஆக, கண்ணை மூடிக்கொள் என்பது அவருடைய கட்டளை ஆகாது. அப்படியானால் எதைச் செய்யாதே என்கிறார்?

கிங்ஸ்மீடில் ஒரு எல்பிடபிள்யூ

கிங்ஸ்மீட் மைதானத்தில் கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு இது எளிது. பந்து மட்டையாளரின் காலில் படுகிறது. பந்துவீச்சாளர் திரும்பி நின்று கத்துகிறார், விக்கெட் கீப்பரும் சேர்ந்து கத்துகிறார். கண்ணால் பார்த்ததைச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. சொல்லப்போனால் அது அவர்களுடைய வேலையும்கூட. யாரும் முறையிடாவிட்டால் நடுவர் அவுட் கொடுக்க முடியாது என்பது கிரிக்கெட் விதி. ஆனால் விரலைத் தூக்குவது நடுவர் ஒருவர்தான். எவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்திருந்தாலும் விக்கெட் கீப்பர் விரலைத் தூக்கி மட்டையாளரைப் பெவிலியனுக்கு அனுப்ப முடியாது.

கிறிஸ்தவ விசுவாசத்தில் நடுவர் கடவுள். "மற்றவனைக் குற்றப்படுத்துகிறதற்கு நீ யார்?" என்று யாக்கோபு தன் நிருபத்தில் கேட்பதும் (4:12) இந்த அடிப்படையில்தான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்த ஒப்புமை உதவாது. களத்தில் நிற்பவர்களுக்கு எதிரணிக்காரர் அவுட் ஆகவேண்டும், அதற்காகத்தான் கத்துகிறார்கள். சபையில் ஒருவருடைய தவறைச் சுட்டிக்காட்டுவது அவர் உள்ளேயே இருக்கவேண்டும் என்பதற்காக.

மூன்று வெவ்வேறு வேலைகள்

இந்தப் பேச்சு குழம்பிப்போவதற்குக் காரணம், மூன்று வேலைகளை ஒன்றாகப் போட்டுக் கலக்குவதுதான்.

பகுத்துணர்தல் என்பது ஒரு செயல் சரியா தவறா என்று அடையாளம் காண்பது. கடிந்துகொள்ளுதல் என்பது அந்தத் தவறைச் செய்தவரிடமே, அவர் திருந்தவேண்டும் என்ற நோக்கத்தோடு சொல்வது. தீர்ப்பிடுதல் என்பது, அந்த ஒரு செயலை வைத்துக்கொண்டு, செய்தவரின் உள்ளம் இப்படிப்பட்டது, அவருடைய முடிவு இதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவது.

சபைப் பணம் குறைந்த கதையையே எடுத்துக்கொள்வோம். "மார்ச் மாதக் காணிக்கையில் பாதி வங்கிக்குப் போகவில்லை, பொருளாளர் எடுத்திருக்கிறார்" என்று கணக்கைப் பார்த்துச் சொல்வது பகுத்துணர்தல். அவர் வீட்டுக்குப் போய், "அண்ணே, கணக்கைப் பார்த்துட்டோம், பணம் உங்ககிட்டதான் நிக்குது, திருப்பிக் கட்டிடுங்க" என்பது கடிந்துகொள்ளுதல். "அந்தக் குடும்பமே அப்படித்தான், அவர் ஜெபம் பண்ணினதெல்லாம் வேஷம், அவருக்கு இரட்சிப்பே கிடையாது" என்பது தீர்ப்பிடுதல். முதல் இரண்டும் வேதம் கேட்பவை. "உன் சகோதரன் உனக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்தால், அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக" என்று லூக்கா 17:3-இல் இயேசுவே சொல்லியிருக்கிறார். மூன்றாவதைத்தான் அவர் தடுக்கிறார்.

சுருக்கமாக இதுவரை: மத்தேயு 7:1 கண்ணையும் வாயையும் கட்டிப்போடவில்லை. செயலைத் தவறு என்று சொல்லலாம், செய்தவரிடம் பேசலாம். அந்த ஆளின் உள்ளத்துக்கும் முடிவுக்கும் தீர்ப்பு எழுதும் பேனா மட்டும் நம் கையில் இல்லை.

ஏன் இல்லை?

முதல் காரணம், நமக்குப் பாதிக் கதைதான் தெரியும். மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்று தாவீது ராஜாவாகத் தெரிந்துகொள்ளப்பட்ட நாளில் சாமுவேலுக்குச் சொல்லப்பட்டது (1 சாமுவேல் 16:7).

நம் ஊரில் இது மிகவும் வலிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. சாட்ஸ்வர்த் குடும்பங்களைப் பல ஆண்டுகளாக உருக்குலைத்துவரும் போதைப்பொருளுக்குச் 'சுகர்ஸ்' என்று பெயர். மட்டமான ஹெராயினில் கண்டதையும் கலந்து விற்கிறார்கள். மகன் அதில் விழுந்துவிட்டால், வீட்டிலிருக்கும் டிவி போகும், குழாய் போகும், அம்மாவின் தாலிச் சங்கிலியும் போகும். அந்த அம்மா சபைக்கு வரும்போது பின்வரிசையில் முணுமுணுப்பு எழும்: "வளர்ப்பு சரியில்லை." "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க." "முன்னாடி என்ன பாவம் பண்ணாங்களோ."

யோவான் 9-இல் சீஷர்கள் அச்சு அசலாக இதையே கேட்கிறார்கள். பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்ததும் அவர்களுக்கு முதலில் தோன்றிய கேள்வி: இது யார் செய்த பாவம், இவன் செய்ததா, இவனைப் பெற்றவர்கள் செய்ததா? இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று இயேசு அந்த விசாரணையையே தள்ளிவிடுகிறார். அவனைக் குணமாக்கும் வேலையில் இறங்குகிறார். ஒரு தாயின் துக்கத்தைப் பார்த்து அதற்குக் காரணம் கண்டுபிடிக்கப் புறப்படுகிறவர்கள், இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் போகட்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். அவளுக்குத் தேவை மறுவாழ்வு மையத்துக்கு மகனைக் கூட்டிப்போக ஒரு வண்டி. கூடவே வர ஒரு ஆள்.

இரண்டாவது காரணம் அளவு. நாம் பிறருக்கு வைக்கும் அளவு நமக்கும் வரும் என்கிறார் இயேசு. இது எப்படி நடக்கும் என்பதற்குப் பழைய ஏற்பாட்டில் தாவீதின் கதையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவைத்தான் தாவீது. நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு கதை சொன்னார். ஏராளமான ஆடுகள் வைத்திருந்த பணக்காரன் ஒருவன், ஏழை ஒருவன் மகள்போல வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்தாளிக்குச் சமைத்துவிட்டான். தாவீதுக்குக் கோபம் பொங்கியது. அவன் சாகவேண்டியவன் என்று தீர்ப்புச் சொன்னான். "நீயே அந்த மனுஷன்" என்றார் நாத்தான். திருடிய ஆட்டுக்கு நாலத்தனை திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதுதான் மோசேயின் சட்டம். தாவீது அதையும் சொன்னான், அதற்குமேல் மரணத்தையும் சேர்த்தான். மறைக்க ஏதாவது இருக்கிறவன் மற்றவனுக்குச் சட்டத்தைவிடக் கடுமையாகத் தண்டனை கேட்பான். நம் உரத்த குரலுக்குப் பின்னாலும் சில நேரம் அதுதான் இருக்கிறது.

மூன்றாவது காரணம், இன்னும் காலம் வரவில்லை. "காலத்துக்குமுன்னே யாதொன்றைக்குறித்தும் தீர்ப்புச்சொல்லாதிருங்கள்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார் (1 கொரிந்தியர் 4:5). இந்தப் பவுல் ஒரு காலத்தில் சபையைத் துன்பப்படுத்தியவர். ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டபோது அருகே நின்று சம்மதித்தவர். அன்றைக்கே அவர் கதையை யாராவது எழுதி முடித்திருந்தால், புதிய ஏற்பாட்டில் பாதிக் கடிதங்கள் இருந்திருக்காது.

ஆடிக் கூழும் ரோமர் 14-உம்

இப்போது தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி புண்படும் இடத்துக்கு வருவோம். ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். இங்கே பேச்சுவழக்கில் போரிட்ஜ் பிரேயர் என்று சொல்வார்கள். அக்கம்பக்கம் எல்லோருக்கும் போகும். எவர்சில்வர் தூக்கில் கூழும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு பெரியம்மா வேலி ஓரமாக வந்து நிற்கிறார். வீட்டில் மூத்த மருமகள், "வையுங்க பெரியம்மா" என்று வாங்கிக் குடித்துவிடுகிறாள். இளையவள், "மன்னிச்சுக்குங்க பெரியம்மா, நான் எடுத்துக்கறதில்லை" என்கிறாள். இருவரும் ஒரே சபை. அன்று சாயங்காலமே, மூத்தவள் விசுவாசத்தை விட்டு விலகிய பின்மாற்றக்காரி என்று ஒரு பேச்சு; இளையவள் பெரியவர்களை மதிக்காத திமிர்பிடித்தவள் என்று இன்னொரு பேச்சு.

இது புதிய பிரச்சினை இல்லை. சுமார் 57-ஆம் ஆண்டில் பவுல் ரோமாபுரி சபைக்குக் கடிதம் எழுதியபோது அங்கேயும் சாப்பாட்டுச் சண்டைதான். எதையும் சாப்பிடலாம் என்று சிலர், காய்கறி மட்டும் என்று சிலர். சில நாட்கள் விசேஷம் என்று சிலர், எல்லா நாளும் ஒன்று என்று சிலர். புரட்டாசியில் கறி தொடாமல் வளர்ந்து, கிறிஸ்தவரான பிறகும் அந்த மாதம் மனம் வராமல் தவிர்க்கிறவர்களுக்கும், மாட்டிறைச்சியை இன்றும் வாயில் வைக்காதவர்களுக்கும் இந்த அதிகாரம் பக்கத்து வீட்டுக் கதைபோல இருக்கும்.

பவுல் என்ன செய்தார்? இரு பக்கத்துக்கும் தனித்தனியாக ஒரு தடை போட்டார். "புசிக்கிறவன் புசியாதிருக்கிறவனை அற்பமாயெண்ணாதிருப்பானாக, புசியாதிருக்கிறவனும் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்காதிருப்பானாக." ஒவ்வொரு பக்கத்துக்கும் அதற்கே உரிய நோய் இருப்பதை அவர் எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறார் பாருங்கள். சுதந்திரமாக இருப்பவருக்கு ஏளனம் வரும். கட்டுப்பாடாக இருப்பவருக்குத் தீர்ப்பு வரும். பிறகு கேட்கிறார்: "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?"

இங்கே மனச்சாட்சி என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் தேவை. இது தவறு, செய்யாதே என்று உள்ளே தடுக்கும் அறிவுக்குப் பவுல் கொடுக்கும் பெயர் அது. ஒருவர் மனச்சாட்சி தடுப்பதை அவர் செய்தால் அவருக்கு அது பாவம் என்கிறார். எனவே இளையவளை வற்புறுத்திக் குடிக்க வைப்பது அவளுக்குச் செய்யும் கெடுதல்.

அதற்காகப் படைக்கப்பட்ட உணவு விஷயத்தில் எல்லாம் ஒன்றுதான் என்று பவுல் விட்டுவிடவும் இல்லை. 1 கொரிந்தியர் 8-உம் 10-உம் இதற்கென்றே எழுதப்பட்டவை. விக்கிரக வழிபாட்டுப் பந்தியில் பங்கெடுக்காதே என்கிறார். ஒருவர் வீட்டு விருந்துக்கு அழைத்தால் விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார். இது படைத்தது என்று யாராவது சொல்லிவிட்டால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார். கோயில் கூழ் இவற்றில் எதில் சேரும்? டர்பன் சபைகளிடையே இதில் ஒரே கருத்து இல்லை. பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகள் வேண்டாம் என்றே போதிக்கின்றன. என் கருத்தைக் கேட்டால், மருமகள்கள் இருவரும் தாங்கள் செய்ததற்குக் காரணம் சொல்லமுடியும். ஒருத்தியின் விசுவாசத்தை மற்றவள் அளக்கத்தான் முடியாது. பெரியம்மாவின் பக்தியை ஏளனம் செய்ய இருவருக்குமே உரிமை இல்லை. "புறம்பே இருக்கிறவர்களைக்குறித்துத் தேவனே தீர்ப்புச்செய்வார்" என்று பவுல் முன்பே எழுதிவிட்டார் (1 கொரிந்தியர் 5:13).

இந்தப் பகுதியில் பார்த்தது: வேதம் நேராகத் தடுக்காத, ஆளுக்கு ஆள் மனச்சாட்சி வேறுபடும் காரியங்களில் ஏளனமும் கூடாது, தீர்ப்பும் கூடாது. திருட்டு, அடிதடி, பொய்ச்சாட்சி இந்தப் பட்டியலில் வராது.

வசனத்தைக் கேடயமாகப் பிடிப்பவர்கள்

இந்த நாட்டின் வரலாறே இதற்குப் பாடம். நிறவெறி ஆட்சிக் காலத்தில், எதிர்க்காதே, குறை சொல்லாதே, சமாதானமாகப் போ என்று சபைகளிலும் போதித்தார்கள். 1985-இல் இங்குள்ள இறையியலாளர்கள் சேர்ந்து கைரோஸ் அறிக்கையை வெளியிட்டு அதை மறுத்தார்கள். அநியாயம் அப்படியே இருக்க, ஒப்புரவாகுங்கள் என்று சொல்வது கிறிஸ்தவ ஒப்புரவு ஆகாது என்பது அதன் சாரம்.

பின்னால் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரிக்க உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைந்தது. ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைவர். 1996 ஏப்ரலில் இந்த நாட்டின் ஈஸ்ட் லண்டன் நகரில் முதல் விசாரணை நடந்தது. அது அரசு அமைப்பு, சபை நீதிமன்றம் இல்லை. ஆனாலும் நம் விஷயத்துக்கு அதில் பார்க்க ஒன்று உண்டு. பொதுமன்னிப்பு சும்மா கிடைக்கவில்லை. செய்தது அரசியல் நோக்கத்தோடு செய்ததாக இருக்கவேண்டும், முழு உண்மையையும் சொல்லவேண்டும். 7,000-க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். அவர்களில் சிறு பகுதியினருக்குத்தான் கிடைத்தது. யார், எங்கே, யாரை, எப்படி என்று பெயர் சொல்லி வெளிப்படுத்திய பிறகே அடுத்த பேச்சு. போதுமான நீதி கிடைக்கவில்லை என்று உறவினரை இழந்த பலர் இன்றும் சொல்கிறார்கள், அது நியாயமான குறை. இருந்தாலும், ஒரு மனிதனை முற்றிலும் தள்ளிவிடாமலே அவன் செய்ததை முழுமையாக வெளியே சொல்ல முடியும் என்பதை நாடே உட்கார்ந்து பார்த்தது.

வீட்டுக்குள் நடக்கும் கொடுமைக்கும் இதே கணக்குதான். அடிவாங்கிய பெண்ணிடம், "அவரைத் தீர்க்காதேம்மா, ஜெபம் பண்ணு, வீட்டுக்குப் போ" என்பது வசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. தென்னாப்பிரிக்காவில் 1998-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி அவள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அப்படிக் கேட்கிறவள் யாருடைய ஆத்துமாவுக்கும் தீர்ப்பு எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறாள், தன்னையும் பிள்ளைகளையும் காப்பாற்றிக்கொள்கிறாள். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடம் இயேசு சொன்ன வாக்கியத்திலும் இரண்டு பாதி உண்டு: "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை, நீ போ, இனிப் பாவஞ்செய்யாதே." அடிக்கிறவனுக்குப் பரிந்து பேசுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அப்படியானால் எப்படிப் பேசுவது?

மத்தேயு 18-இல் ஒழுங்கு இருக்கிறது. முதலில் தனியாகப் போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். சபைக்கும் செவிகொடாவிட்டால், அவன் உனக்கு அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும் இருப்பானாக. ஆயக்காரன் என்றால் ரோம ஆட்சிக்காக வரி வசூலித்தவன். அந்தக் கடைசி வரியைச் சொல்லி ஆட்களை ஒரேயடியாக ஒதுக்குகிறார்கள். ஆனால் இதை எழுதியதாகச் சொல்லப்படும் மத்தேயுவே ஆயத்துறையிலிருந்து அழைக்கப்பட்டவர் என்று அந்தச் சுவிசேஷமே சொல்கிறது. இயேசு ஆயக்காரர்களோடு பந்தியில் உட்கார்ந்தார் என்றும் சொல்கிறது. நம் ஊரில் இந்த வரிசை பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்குகிறது. முதலில் வாட்ஸ்அப் குழுவுக்குத் தெரியும், சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியாகத் தெரியும். ஒருவர் உயிருக்கோ குழந்தையின் பாதுகாப்புக்கோ ஆபத்து இருந்தால் மட்டும் இந்தப் படிகளுக்குக் காத்திருக்கவேண்டாம், நேராகப் போலீஸ்தான்.

கடைசியாக, மூப்பர் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. பொருளாளர் மன்னிப்புக் கேட்டார், பணத்தையும் கட்டிவிட்டார். அவருக்கே மறுபடி கணக்கைக் கொடுக்கவேண்டுமா? கொடுக்காவிட்டால் அவரைத் தீர்த்ததாகிவிடாதா? ஆகாது. மன்னிப்பு அவர் மனம் வருந்தியதுமே கிடைக்கவேண்டும். பொறுப்பு என்பது நம்பிக்கை சம்பந்தப்பட்டது, அது திரும்ப நாளாகும். கண்காணிகளும் உதவிக்காரர்களும் பண ஆசை இல்லாதவர்களாக, முன்னதாகச் சோதிக்கப்பட்டவர்களாக இருக்கவேண்டும் என்று 1 தீமோத்தேயு 3 கேட்கிறது. எனவே சாவியை வேறொருவரிடம் கொடுங்கள், இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே போகாதபடி வங்கியில் எழுதிக் கொடுங்கள். அவரை எப்போதும்போல ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அவர் மகளுக்கு வரன் பார்க்கும்போது யாராவது விசாரித்தால், அந்தப் பழைய கதையை எடுக்காதீர்கள்.